இரண்டு எல்லைக்கல்லும் ஒரு நேர்க்கோடும்

ஆறாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுக்க வந்த டீச்சரைப் பார்த்து முதல் வாரம் முழுக்க நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசும்போது 'ங்க' போடவில்லை, அவ்வளவுதான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வெண்ணந்தூரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ஆட்டுக்குட்டியை விரட்டுவதாக இருந்தாலும் கொஞ்சம் மரியாதை வைத்துத்தான் விரட்டுவார்கள். பிள்ளைகளையே "வாங்க சாமி, உக்காருங்க" என்று கூப்பிட்டுப் பழகிய இடத்தில் ஒருவர் வந்து "வா, உக்காரு, நோட்டை எடு" என்றால், அவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்றுதான் எங்களுக்குப் பொருள். அவருக்குக் கோபமே வராது என்பது வடிவியல் பாடம் தொடங்கிய அன்றுதான் தெரிந்தது.

அன்று அவர் ஒரு நூல்கண்டும், ஒரு டார்ச் லைட்டும், ஆணி அடித்த ஒரு பலகையும் கொண்டுவந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சாக்பீஸைத் தவிர வேறு எதையும் கொண்டுவந்து நாங்கள் பார்த்ததில்லை. கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இது என்ன?"

"புள்ளிங்க டீச்சர்."

"எவ்வளவு பெருசு?"

"சுண்டைக்காயத் தண்டிங்க" என்றான் ஒருவன். அவர் அதை அழித்துவிட்டு அதே இடத்தில் இன்னும் சின்னதாக ஒன்று வைத்தார். கடுகு என்றோம். அதையும் அழித்து, சாக்பீஸ் முனையால் தொட்டும் தொடாமலும் ஒன்று வைத்தார். ரவை என்றோம். கடைசியில் அதையும் துடைத்துவிட்டு, "இப்ப?" என்றார்.

"இல்லீங்க டீச்சர்."

"இல்லைன்னு யார் சொன்னது? நான் தொட்ட இடம் அங்கயேதானே இருக்கு? புள்ளிக்கு நீளம் கிடையாது, அகலம் கிடையாது, உயரம் கிடையாது. இடம் மட்டும்தான் உண்டு. நாம சாக்பீஸ்ல வைக்கிறது, அது இங்க இருக்குன்னு காட்ட ஒரு அடையாளம்."

நாங்கள் எல்லோரும் ஒன்றும் இல்லாத அந்தக் கரும்பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்தோம். எனக்குப் புள்ளி தெரிந்தது போலத்தான் இருந்தது.

அடுத்து என்னையும் என் பெரியப்பா மகளையும் முன்னால் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நூலின் ஒரு முனையை என் கையிலும் கண்டை அவள் கையிலும் கொடுத்து விறைப்பாகப் பிடிக்கச் சொன்னார். "இது கோட்டுத்துண்டு. இங்க ஆரம்பிக்குது, அங்க முடியுது." பிறகு என்னை நூலைப் பிடித்தபடியே வெளியே நடக்கச் சொன்னார். வாசலைத் தாண்டினேன், கொடிக்கம்பத்தைத் தாண்டினேன், வேப்பமரத்தைத் தாண்டினேன். காம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் போகும்போது கண்டில் நூல் தீர்ந்துபோனது. வகுப்பு முழுவதும் ஜன்னலில் தொங்கியது.

"நூல் தீந்துடுச்சு. கோடு தீந்துதா?" என்றார் டீச்சர்.

என்னை உள்ளே வரச் சொல்லிவிட்டு அவரே சொன்னார்.

"கோடு தீராது. ரெண்டு பக்கமும் போயிக்கிட்டே இருக்கும்."

"சேலத்துக்குப் போகுமுங்களா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"போகும்."

"சேலத்தத் தாண்டியுமுங்களா?"

"அதையும் தாண்டிப் போகும்."

"அப்ப டிக்கெட் எடுக்கோணுமுங்களா?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். அந்தச் சிரிப்போடு எங்கள் பயம் போயிற்று.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்துக் கதிரைக் காட்டினார். ஓரிடத்தில் தொடங்கும், முடிவே இல்லாமல் போகும். தரையைக் காட்டித் தளம் என்றால் என்னவென்று சொன்னார். தரைக்குச் சுவர் தடை, தளத்துக்குச் சுவரெல்லாம் கிடையாது, அது எச்.எம். ரூமுக்குள்ளேயும் அனுமதி கேட்காமல் போகும் என்றபோது எங்களுக்குத் தளத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது. கடைசியாக ஆணிப் பலகையை எடுத்தார். இரண்டு ஆணிக்கு நடுவே நூலைத் தொய்வாக விட்டால் அது இப்படியும் வளையும், அப்படியும் வளையும். இழுத்துக் கட்டினால் ஒரே ஒரு வழிதான்.

"ரெண்டு புள்ளி வழியா நேர்க்கோடு ஒன்னே ஒன்னுதான் போட முடியும். நீ போட்டாலும் அதுதான், நான் போட்டாலும் அதுதான். எந்த ஊர்ல போட்டாலும் அதுதான்."

எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் எங்கள் வீட்டில் எந்த விஷயத்துக்கும் இரண்டு பதில் இருந்தது. அப்பா சொல்வது ஒன்று, பெரியப்பா சொல்வது இன்னொன்று.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. பாகம் பிரித்தபோது இரண்டு பேருக்கும் பொதுவில் விட்ட ஒரே சொத்து கிணறு. ஒருநாள் எங்களுக்கு முறை, மறுநாள் அவர்களுக்கு. ஒரு கோடையில் யாருடைய முறையில் யார் மோட்டார் போட்டார்கள் என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, பேச்சே இல்லாமல் முடிந்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. அடுத்தடுத்த தோட்டம். கிணற்றுப் பாசன நிலத்தை எங்கள் பக்கம் தோட்டம் என்றுதான் சொல்வோம். பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்குப் பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எருமையிடம் சொல்வார்.

"ஏ எருமெ, மடைய அடைக்காம போனா தண்ணியெல்லாம் ரோட்டுக்குத்தான் போவும், ஆமா!"

அப்பா தன் பங்குக்கு எங்கள் நாயிடம் பதில் சொல்வார்.

"எல்லாம் தெரிஞ்சவனாட்டம்! நீ கம்முனு படு."

நாய் பாவம், படுத்துத்தான் இருக்கும். ஊருக்குள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை என்றால் இப்படித்தான் போடுவார்கள் போல என்று நானும் நினைத்திருந்தேன். அம்மாவும் பெரியம்மாவும் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் குடத்தை மற்றவர் தூக்கி இடுப்பில் வைப்பார்கள், ஆனால் பேச மாட்டார்கள். என்னையும் பெரியப்பா மகளையும் யாரும் பேசக் கூடாது என்று சொன்னதில்லை. பேசு என்றும் சொன்னதில்லை. அதனால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் அக்கா தங்கையாகவும் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் இருந்தோம். தோட்டத்தில் எப்படி இருப்பது என்று யாரும் முடிவு செய்யாததால் அங்கே எங்கள் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். புள்ளி, கோட்டுத்துண்டு, கதிர், தளம், நேர்க்கோடு, எல்லாவற்றுக்கும் அவரவர் வீட்டிலும் தோட்டத்திலும் ஒவ்வொரு உதாரணம் கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானமே நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் சேர்ந்துவிட்டோம். புள்ளி சுலபம், காலண்டர் ஆணி. கோட்டுத்துண்டுக்கு அவள் நுகத்தடியைச் சொன்னாள், நான் மோட்டார் பைப்பைச் சொன்னேன். கதிருக்கு அவர்கள் வீட்டு டார்ச். தளத்துக்குக் களம். நேர்க்கோட்டில்தான் மாட்டிக்கொண்டோம். எதைப் பார்த்தாலும் அது எங்கேயோ முடிந்தது. மின்கம்பி தொய்ந்து கிடந்தது. வாய்க்கால் பாம்பு மாதிரி போயிற்று.

அப்போதுதான் எனக்கு எல்லைக்கல் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வரப்பின் இந்தக் கோடியில் ஒரு கல், அந்தக் கோடியில் பனைமரத்தடியில் ஒரு கல். சர்வேயர் அளந்து நட்டது.

"ரெண்டு புள்ளி இருக்குது பாரு" என்றேன். "அப்ப கோடும் இருக்கோணுமல்ல?"

அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. அவள் என்னைவிடச் சுறுசுறுப்பு. அம்மா பூக்கட்ட வைத்திருந்த நூல் கோனை நான் எடுத்துவந்தேன். வெள்ளையடிக்க வாங்கி நீற்றி வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை அவள் ஒரு பழைய சட்டியில் அள்ளிவந்தாள். ஒரு கல்லில் நூலைக் கட்டி, கோனை உருட்டிக்கொண்டே போய் மறு கல்லில் இழுத்துக் கட்டினோம். டீச்சர் சொன்னது போல விறைப்பாக. பிறகு நூலைப் பார்த்துக்கொண்டே சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு நடந்தோம். நான் தூவ, அவள் பின்னால் வந்து கோணல் இருந்தால் சொல்வாள்.

முதலில் கோடு வரப்பின் மேலேயே போயிற்று. பாதித் தூரம் போனதும் வரப்பு கோட்டை விட்டு விலகியது. எங்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளித் தோட்டத்துப் பக்கமாக வளைந்து, ஒரு மாட்டுவண்டி நிற்கிற அளவு இடத்தைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வந்து நேரானது. அந்த வளைவு அங்கே இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. தினமும் அதன்மேல் நடந்து போகிறவர்கள்தான். ஆனால் அது வளைவு என்று அன்றுதான் பார்த்தோம். வளைவுக்குள் உழவு படாத புல் தரையும் ஒரு ஆவாரஞ்செடியும் இருந்தன. அங்கே ஆடு கட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் கூடாது என்று சொல்லும் ஆயிரம் விஷயங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டோம். நூல் அந்தப் புல் தரையின் நட்ட நடுவே போயிற்று. ஆவாரஞ்செடியின் கிளைகளை அவள் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் அடியில் குனிந்து போய்ச் சுண்ணாம்பைத் தூவினேன்.

பனைமரத்தடி வரை போட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தோம். பச்சைக்கு நடுவே வெள்ளைவெளேர் என்று ஒரு கோடு. அவ்வளவு நேரான ஒரு பொருளை நான் அதற்கு முன்னால் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். நான், "அப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் எங்குளுது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் புல் தரையில் பாதி இடம் கோட்டுக்கு எங்கள் பக்கம் இருந்தது.

"அதெப்படி? வரப்புதான் எல்லை. எங்கப்பா வரப்பு வரைக்கும் எங்குளுதுன்னுதான் சொல்லுவாங்க."

"வரப்பு கோணல். டீச்சர் என்ன சொன்னாங்க? ரெண்டு புள்ளிக்கு நேர்க்கோடு ஒன்னுதான்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டீச்சர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை, தோட்டத்தை விடவும் மனசில்லை. "இரு, எங்கப்பாகிட்டச் சொல்றேன்" என்று ஓடினாள்.

பெரியப்பா கடலைக்காய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டபடி அவர் வருவதை மேட்டுத் தோட்டத்துக்காரர் பார்த்தார், உடனே தன் மோட்டாரை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நின்றார். எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்பதற்கு அவர் எப்போதும் கரண்ட்டை மிச்சம் பிடிப்பார். அம்மா களத்திலிருந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, ஏனுங்க, சீக்கிரம் வாங்க! உங்கண்ணன் மம்பட்டியோட வாராங்க, புள்ள தனியா நிக்குது!" அவள் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டபிறகுதான் நான் சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தேன்.

பெரியப்பா வரப்பின்மேல் வந்து நின்றார். கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு வளைவைப் பார்த்தார். கோடு ஆவாரஞ்செடிக்கு அடியில் போகிற இடத்தில் அவர் கண் நின்றுவிட்டது. பக்கத்தில் எருமை எதுவும் இல்லை. அதனால் என்னிடமே கேட்டார்.

"யாரு சாமி போட்டது?"

"நானுங்க பெரியப்பா."

"எதுக்கு சாமி?"

"கணக்குப் பாடமுங்க. ரெண்டு புள்ளி இருந்தா அதுக்கு நடுவால நேர்க்கோடு ஒன்னே ஒன்னுதானுங்க. அந்தக் கல்லு ஒரு புள்ளி, இந்தக் கல்லு ஒரு புள்ளி. யாரு போட்டாலும் அதுதானுங்க."

"ம்" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அப்பா அதற்குள் ஓடிவந்துவிட்டார். கிழங்குச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்து, பெரியப்பாவைப் பார்த்து, கடைசியில் கோட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றி வரப்பின் இந்தப் பக்கம் விட்டுவிட்டு வளைவுக்குள் இறங்கினார். சுண்ணாம்பு பட்டால் செருப்பு வெந்துபோகும் என்றுதான் கழற்றுகிறார் என்று நினைத்தேன். புதுச் செருப்பு வேறு. உள்ளே போனவர் உட்கார்ந்து, வெறும் கையால் சுண்ணாம்பை மண்ணோடு சேர்த்து அள்ளித் துண்டில் போடத் தொடங்கினார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் எழுந்து வந்து எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் செடிக்கு இரண்டு பக்கமும் இருந்து, ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லாமல் புல்லைக் கோதிக் கோதி எடுத்தார்கள். வேலியோரம் நின்றவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கும்தான்.

"புள்ளைங்க அறியாமப் போட்டுட்டாங்கண்ணா" என்றார் அப்பா. தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா வாயிலிருந்து அண்ணா என்ற வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"தெரியுது, தெரியுது" என்றார் பெரியப்பா. "நீ கைய வெக்காத. சுண்ணாம்பு பட்டா வெந்து தோலு பொத்துப்போயிரும். தள்ளு, நான் அள்றேன்."

"உங்க கை மட்டும் பொத்தாதுங்களா?"

பெரியப்பா அள்ளிக்கொண்டே இருந்தார். அப்பாவும் தள்ளவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, என் கோட்டை அழிக்கிறார்களே என்றுதான். "டீச்சர் சொன்னதுதானுங்கப்பா! நேர்க்கோடு ஒன்னுதான் போட முடியும்" என்று கத்தினேன்.

"நெசந்தான் சாமி" என்றார் அப்பா. "டீச்சர் சொன்னது நெசந்தான். கோடும் சரிதான். இந்த எடத்துல மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அதேபோல வளைவுக்குள் இருந்ததை மட்டும்தான் எடுத்தார்கள். வரப்பின்மேல் போட்டது அப்படியே இருந்தது. டீச்சர் சொன்னபடி பார்த்தால் இப்போது அது நேர்க்கோடே இல்லை, இரண்டு கோட்டுத்துண்டு. அதை நினைத்து இன்னும் அழுதேன்.

அப்போதுதான் பெரியம்மா வந்து நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாது. பெரியப்பா மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா இரண்டு ஆண்களையும் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் கையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். எங்கள் கையும் சுண்ணாம்பில் சிவந்து எரிந்துகொண்டுதான் இருந்தது. மகளை வீட்டுக்கு விரட்டித் தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பேருக்கும் விரல் விரலாகப் போட்டுவிட்டாள். அவள் என்னைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அழுவாத கண்ணு. டீச்சரம்மா வேற என்ன சொல்லிக் குடுத்தாங்க, சொல்லு" என்றாள்.

கேட்டால் போதும், எனக்கு அழுகை நின்றுவிடும். கதிரைச் சொன்னேன், தளத்தைச் சொன்னேன். நூல் தீர்ந்தாலும் கோடு தீராது என்று சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே எண்ணெய் தடவினாள்.

"புள்ளின்னா என்னன்னு சொல்லலியே?"

"புள்ளிக்கு நீளமும் இல்ல, அகலமும் இல்லீங்க பெரியம்மா. ஒண்ணுமே இருக்காது. ஆனா இல்லைன்னு சொல்லக் கூடாதுங்க. எடம் மட்டும் இருக்கும்."

பெரியம்மாவின் விரல் என் உள்ளங்கையில் அப்படியே நின்றது.

"எடம் மட்டும் இருக்குமா?"

"ஆமாங்க. அழிச்சாலும் அந்த எடம் அங்கயேதான் இருக்குமுங்க. டீச்சர் சொன்னாங்க."

"நல்ல டீச்சரம்மா" என்றாள் பெரியம்மா. இன்னொரு முறை அதையே, எனக்கில்லாமல் தனக்குச் சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "நல்ல டீச்சரம்மா."

திங்கட்கிழமை வகுப்பில் நான் எழுந்து, எல்லைக்கல் இரண்டும் புள்ளி, அவற்றுக்கு நடுவே நேர்க்கோடு என்று சொன்னேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நடுவில் கொஞ்சம் அழித்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. பெரியப்பா மகள் சொல்லிவிட்டாள். "ஏன் அழிச்சாங்க?" என்று டீச்சர் கேட்டார். "கை பொத்துமுன்னுங்க" என்றேன். அதுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. கோடு போட்டதற்கு மறுநாள் காலையில் பெரியப்பா வழக்கம் போல எருமையிடம்தான் பேசினார். ஆனால் "ஏ எருமெ, இன்னிக்கு நம்ம முறெதான். ஆனாலும் கெழங்கு வாடுது, அதுக்குப் பாயட்டும் தண்ணி" என்றார். அப்பா நாயைத் தேடினார். அது எங்கேயோ போயிருந்தது. சுவரைப் பார்த்து, "செரிங்கண்ணா" என்றார். அவர்கள் முழுதாகப் பேச ஆரம்பிக்க இன்னும் சில வருஷம் பிடித்தது. ஆனால் எருமைக்கும் நாய்க்கும் வேலை குறைந்துகொண்டே வந்தது.

எனக்கு விஷயம் தெரிந்தது பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது. முகூர்த்தத்துக்கு மண்டபம் போவதற்கு முன்னால் பெரியம்மா அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கையில் தேங்காய், பழம், ஒரு கிலுகிலுப்பை. நானும் அம்மாவும் கூடப் போனோம். ஆவாரஞ்செடிக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "உன்ற அண்ணனக் கும்பிட்டுக்க" என்றாள். பட்டுப்புடவையோடு அவள் புல்லில் விழுந்து கும்பிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னை வரப்புக்குத் தள்ளிக் கூட்டிப்போய் மெல்லிய குரலில் சொன்னாள்.

பெரியம்மாவுக்கு முதலில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பேர் வைப்பதற்குள் போய்விட்டது. குழந்தைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், சொந்தத் தோட்டத்திலேயே புதைப்பார்கள். பெரியப்பா எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்ததால், அப்போது கல்யாணம் ஆகாத பையனாக இருந்த அப்பாதான் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து எடுத்துப் போயிருக்கிறார். அப்பாதான் குழி வெட்டினாராம். அன்று தோட்டம் ஒன்றாக இருந்தது. பிறகு பாகம் பிரிக்கும்போது சர்வேயர் கல் நட்டுக் கயிறு பிடித்தார். கயிறு நேராக அந்த இடத்தின் மேலேயே போயிற்று. பாதி இவருக்கு, பாதி அவருக்கு. அப்பா தன் கையாலேயே மண்வெட்டியை எடுத்து, தன் பக்கமாக வளைத்து வரப்புப் போட்டுவிட்டு வந்தாராம். "அது அண்ணி பக்கமே முழுசா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம். கிணற்றுத் தண்ணீருக்காக ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்த அந்த வருஷங்களில்கூட, அப்பா அந்த வளைவை நேராக்கவில்லை. பெரியப்பா அதற்குள் ஏர் ஓட்டவில்லை. சர்வே வரைபடத்தில் இன்றைக்கும் அது நேர்க்கோடாகத்தான் இருக்கிறது.

நாங்கள் கோடு போட்ட அன்று இதில் எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பெரியப்பா மகள் மூடி போட்ட ஒரு தூக்குப்போசியோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் எங்கள் வாசல்படி ஏறி நான் பார்த்ததில்லை. "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா மூடியைத் திறந்தாள். சூடாகக் கச்சாயம், வெல்லமும் ஏலக்காயும் மணக்க. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அப்படியே நின்றாள்.

"எதுக்குடி?" என்று நான் அவளைத் தனியாகக் கேட்டேன்.

"தெரியல. உனக்குக் குடுக்கோணும்னு சொன்னாங்க. நீ பாடம் நல்லாச் சொன்னயாம்."

அப்படியானால் பரிசு. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அவளை உட்காரவைத்து இரண்டு பேரும் தின்றோம். அப்பா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், அவர் தட்டிலும் ஒன்றை வைத்தேன்.

"பாத்தீங்களாப்பா? நீங்க ரெண்டு பேரும் அழிச்சுப்போட்டீங்க. பெரியம்மாளுக்கு என்ற பாடம் எவ்வளவு புடிச்சிருக்குது பாருங்க. கச்சாயம் சுட்டுக் குடுத்திருக்காங்க."

"உங்க பெரியம்மாவா குடுத்தாங்க?"

"ஆமாங்க."

அப்பா கச்சாயத்தைக் கையில் எடுத்தார். சிவந்து பொத்துப்போன விரல்களால் அதைப் பிட்டார். வாயில் வைத்தார். மெல்லவே இல்லை. அவர் கண் இரண்டும் நிறைந்து, கன்னத்தில் வழிந்தது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் அப்படித்தான் எரியும் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, "கண்ணக் கழுவுங்கப்பா, செரியாப் போயிரும்" என்று அவர் முன்னால் வைத்தேன்.